இசைக் கல்லூரியில் சேரப் போகிறவர்களுக்கு: மேடை, லட்சணம், பிழைப்பு

இசையையே பாடமாக எடுத்துப் படிப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள், வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதம் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தமிழ்நாட்டில் எங்கே சேரலாம், சேர்வதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும், மூன்று வருஷத்தை எப்படிச் செலவழித்தால் வெளியே வரும்போது கையில் தொழிலும் இருக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பெரும்பாலும் கர்நாடக இசையை வைத்துத்தான் பேசப் போகிறேன், ஏனென்றால் இங்கே அரசுக் கல்லூரிகளில் இருப்பது அதுதான். கீபோர்டு, கிட்டார், சினிமா இசை என்று கனவோடு வருகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் கிடைக்கிற பெரிய சொத்து, கூட வாசிக்க ஆள் கிடைப்பது. வீட்டுக்கருகில் ஒரு குருவிடம் தனியாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு வயலினும் மிருதங்கமும் ஒன்றாகக் கிடைப்பது அனேகமாக அரங்கேற்றத்தன்றுதான். கல்லூரியில் பக்கத்து வகுப்பில் வயலின், எதிர் வகுப்பில் மிருதங்கம், மரத்தடியில் தவில். காசு கொடுக்காமல், ஆள் தேடி அலையாமல், தினமும் சேர்ந்து வாசிக்கலாம். வாழ்க்கையில் மறுபடி இப்படி ஒரு காலம் வராது. இதைப் புரிந்துகொண்டு படித்தவர்கள் மூன்றாம் வருஷத்தில் கச்சேரி செய்கிறார்கள். புரியாதவர்கள் தேர்வு எழுதிவிட்டுப் போகிறார்கள்.

எதற்குப் படிக்கிறோம் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

"பாடகராகணும்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மேடைக் கச்சேரி ஒரு வழி, பக்கவாத்தியம் இன்னொரு வழி. பள்ளியிலோ கல்லூரியிலோ ஆசிரியர் வேலை ஒரு வழி. கோயிலில் ஓதுவார், நாதஸ்வரம், தவில் பணி ஒரு வழி. ஸ்டூடியோவில் பாடுவது, வாசிப்பது, கீபோர்டு புரோகிராமிங், ஒலிப்பதிவு எல்லாம் வேறொரு உலகம். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படுகிற சான்றிதழ் வேறு, பழகவேண்டிய ஆட்கள் வேறு. ஆசிரியர் வேலைதான் குறி என்றால் பட்டயமா பட்டமா என்பது மிகமிக முக்கியம்; கச்சேரிதான் குறி என்றால் யார் சொல்லித்தருகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். இரண்டு வழியை மனதில் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. இந்தத் துறையில் முழுநேரமாக இருக்கிற பலர் காலையில் வகுப்பு, மாலையில் கச்சேரி, நடுவில் ரெக்கார்டிங் என்றுதான் ஓட்டுகிறார்கள்.

எங்கே சேர்வது

சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி 1949-இல் தொடங்கியது. முதல் முதல்வர் முசிரி சுப்பிரமணிய ஐயர். அதேபோல மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களிலும் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றில் 'இசைக் கலைமணி' என்ற மூன்றாண்டுப் பட்டயம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இசைக்கென்றே 2013-இல் தனிப் பல்கலைக்கழகம் வந்த பிறகு பட்டப் படிப்புகளும் சேர்ந்தன. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, அதனால் தரமும் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் முறையாகக் கற்க இவற்றைப் போல் இடம் கிடைப்பது அரிது.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி 1929-இலேயே வந்துவிட்டது. தமிழிசை இயக்கத்தோடு பிரிக்க முடியாத இடம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை 1932-இல் தொடங்கியது; ஆராய்ச்சி, முதுகலை என்று போக நினைப்பவர்கள் அங்கே பார்க்கலாம். பெண்களுக்கு ராணி மேரிக் கல்லூரியில் இசைப் படிப்பு உண்டு. திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா இருக்கிறது, 1936-இல் ருக்மிணி தேவி ஆரம்பித்தது. பெரும்பாலும் நாட்டியத்துக்காகப் பெயர் பெற்றாலும் அங்கே கர்நாடக இசைப் பட்டயமும் உண்டு. திருச்சியில் கலைக் காவிரி நுண்கலைக் கல்லூரி. மேற்கத்திய இசை, தொழில்நுட்பம் என்று போகிறவர்களுக்கு ஏ.ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைப் பள்ளி சென்னையில் இருக்கிறது, ஆனால் அது தனியார் நிறுவனம், கட்டணமும் அதற்கேற்ற மாதிரி. ஒலிப்பதிவுதான் ஆசை என்றால் தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் அதற்கென்றே தனிப் படிப்பு உண்டு.

இலங்கையில் இருந்து படிக்கிறவர்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பெயரில் உள்ள நுண்கலைப் பீடமும், மட்டக்களப்பில் விபுலாநந்தர் பெயரில் உள்ள அழகியற் கற்கை நிறுவகமும் இருக்கின்றன. வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வுகளை எழுதிவிட்டு அங்கே போகிறவர்கள் நல்ல அடித்தளத்தோடு போகிறார்கள்.

இன்னும் பத்தாவதுகூட முடிக்கவில்லை என்றால் மாவட்ட அரசு இசைப் பள்ளியை விசாரியுங்கள். கலை பண்பாட்டுத் துறை நடத்துவது, மூன்று வருஷப் படிப்பு. நாதஸ்வரம், தவில், தேவாரம் போன்ற பிரிவுகளுக்குப் பெரிய பள்ளிப் படிப்பு எதுவும் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அங்கே முடித்துவிட்டு இசைக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் தாளக் கட்டில் மற்றவர்களைவிட உறுதியாக இருப்பதைத் தொடர்ந்து பார்த்திருக்கிறேன்.

சரி, இத்தனையில் எப்படித் தேர்ந்தெடுப்பது? கல்லூரிக்கு ஒரு நாள் நேரில் போய்விட்டு வாருங்கள். விளம்பரத் தாளில் இல்லாததை அங்கே கேளுங்கள். உங்கள் வாத்தியத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது பணியிடம் காலியாகக் கிடக்கிறதா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? மாணவர் கச்சேரி மாதம் ஒரு முறையாவது நடக்கிறதா? குரலிசை மாணவருக்குப் பக்கவாத்திய மாணவர்கள் வாசிக்கிற ஏற்பாடு உண்டா? மாலை ஆறு மணிக்கு மேல் சாதகம் செய்ய அறை திறந்திருக்குமா? மூன்றாம் வருஷ மாணவர் யாரையாவது ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டால் உண்மை வந்துவிடும். அப்புறம் பட்டயமா பட்டமா என்பதையும் அதே நாளில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகலை சேரவும், அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் எது செல்லும் என்பதை வாய்ச்சொல்லாக இல்லாமல் கையேட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சேர்க்கைத் தேர்வுக்கு என்ன தயார் செய்வது

நேர்முகத் தேர்வில் உங்கள் பெரிய கீர்த்தனையைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. சுருதி சேர்கிறதா, தாளம் நிற்கிறதா, சொல்லிக்கொடுத்தால் ஏறுமா, இந்த மூன்றைத்தான் பார்ப்பார்கள். அதனால் புதிதாகப் பாட்டுகளைக் குவிக்காமல் உள்ளதைச் சுத்தம் செய்யுங்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஏழு அலங்காரங்கள் மூன்று காலத்திலும். இரண்டு ஆதி தாள வர்ணங்கள், இரண்டு காலத்திலும் கையில் தாளம் போட்டுக்கொண்டு. நான்கைந்து கீர்த்தனைகள், அதில் ஒன்றாவது தமிழ்ப் பாட்டாக இருக்கட்டும், சொல் சுத்தமாகத் தெரியட்டும்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது கையில். பாட்டு நன்றாக வரும், கை நின்றுவிடும், அல்லது வேகம் பிடித்துக்கொண்டு ஓடும். இதற்கு மருந்து, செல்போனில் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 அடி என்று வைத்து, அந்த ஒவ்வொரு அடிக்கும் தாளத்தின் ஓர் அட்சரத்தை (ஓர் எண்ணிக்கையை) போட்டபடி வர்ணம் முழுக்கப் பாடுவது. சலிப்பாகத்தான் இருக்கும். பத்து நாளில் கை நிற்கும்.

உங்கள் சுருதி என்ன என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிய வேண்டும். ஆர்மோனியக் கணக்கில் 1 கட்டை என்பது மேற்கத்திய சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. ஆண் குரல்கள் 1 கட்டைப் பக்கம், பெண் குரல்கள் 5, 5½ பக்கம் நிற்பது வழக்கம், ஆனால் இது விதி கிடையாது. கீழே மந்திர பஞ்சமமும் மேலே தார பஞ்சமமும் கஷ்டமில்லாமல் எட்டுகிற இடம்தான் உங்கள் சுருதி. மேலே எட்டவேண்டும் என்று அரைக்கட்டை கூட்டிக் கத்துவது தேர்வாளருக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் வருஷம்

முதல் வாரத்திலேயே ஒரு குழுவைச் சேருங்கள். ஒரு பாட்டு, ஒரு வயலின், ஒரு மிருதங்கம் போதும், கடமோ கஞ்சிராவோ கிடைத்தால் இன்னும் நல்லது. வாரத்தில் மூன்று நாள், வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம், ஒரே இடம். இது சேர்ந்து உட்கார்ந்து அரட்டை அடிக்கிற நேரமாக ஆகிவிடாமல் இருக்க ஒரு ஒழுங்கு வையுங்கள்: ஒரு வர்ணம், ஒரு கீர்த்தனை, அதில் இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) கல்பனாஸ்வரம், அதாவது அங்கேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரம், ஒரு சின்னத் தனி, அதாவது தாள வாத்தியம் மட்டும் வாசிப்பது. மிருதங்கம் வாசிக்கிறவருக்கும் பாட்டின் எடுப்பு எங்கே, அனுபல்லவி எங்கே ஏறுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் ஊறும். பாடுகிறவர் தாளத்தை மிருதங்கத்தின் தலையில் போட்டுவிட்டுப் போகாமல் தானே தாங்கப் பழகுவார். வயலின் மாணவருக்கு இன்னொருவருடைய குரலைத் தொடர்கிற வித்தை வேறு எங்கேயும் கிடைக்காது, தனியாக எத்தனை மணி நேரம் சாதகம் செய்தாலும் வராது.

நடைமுறைச் சிக்கல் ஒன்று வரும். ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் ஒரே மிருதங்கம் சேராது. ஒருவருக்குத் தக்கு (தாழ்ந்த சுருதி மிருதங்கம்), மற்றவருக்கு எச்சு (உயர்ந்த சுருதி மிருதங்கம்). மிருதங்க மாணவரிடம் ஒன்றுதான் இருக்கும். ஆகவே குழு சேர்க்கும்போதே சுருதியைப் பார்த்துச் சேருங்கள், அல்லது கல்லூரி வாத்திய அறையில் இன்னொன்று எடுக்க அனுமதி கேட்டு வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் போனில் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே கேட்க வேண்டாம், கோபம்தான் வரும். இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். சுருதி எங்கே இறங்குகிறது, வேகம் எந்த வரியில் ஏறுகிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

லட்சணப் பாடத்தை (இசை இலக்கணத்தை) மனப்பாடம் செய்யாதீர்கள்

தேர்வுக்காக 72 மேளகர்த்தா என்கிற தாய் ராகங்களின் பெயர்களை உருப்போடுகிறவர்கள் நிறைய. பெயர்ப் பட்டியலைவிட அதன் கணக்கு எளிது, ஒரு மாலையில் வந்துவிடும். முதல் 36 மேளத்தில் சுத்த மத்தியமம், அடுத்த 36-இல் பிரதி மத்தியமம். ஒவ்வொரு ஆறு மேளமும் ஒரு சக்கரம். சக்கரம் ரிஷப காந்தார ஜோடியைச் சொல்லும், சக்கரத்துக்குள் இருக்கிற இடம் தைவத நிஷாத ஜோடியைச் சொல்லும். ஜோடிகள் ஆறும் இதே வரிசை: 1-1, 1-2, 1-3, 2-2, 2-3, 3-3. இப்போது 15-ஐ எடுங்கள். மூன்றாம் சக்கரத்தில் மூன்றாவது. அப்படியானால் ரி1 க3, த1 நி3. மாயாமாளவகௌளை வந்துவிட்டது. 29 என்றால் ஐந்தாம் சக்கரத்தில் ஐந்தாவது, ரி2 க3 த2 நி3, சங்கராபரணம். அதோடு 36 கூட்டினால் 65, மத்தியமம் மட்டும் மாறிக் கல்யாணி. இதைக் காகிதத்தில் போட்டுவிட்டு உடனே தம்புராவைப் போட்டுப் பாடிப் பாருங்கள். பாடாத லட்சணம் தேர்வோடு போய்விடும்.

கீபோர்டு பக்கம் போகிறவர்களுக்கு ஒரு பாலம் சொல்கிறேன். வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்து சி-யில் தொடங்கினால் சங்கராபரணம். அதே கட்டைகளை டி-யில் தொடங்கினால் கரகரப்பிரியா, ஈ-யில் தோடி, எஃப்-இல் கல்யாணி, ஜி-யில் ஹரிகாம்போதி, ஏ-யில் நடபைரவி. கிரகபேதம் என்று நம் பாடத்தில் வருவது இதுதான், மேற்கில் மோட் என்று சொல்வதும் இதைத்தான். ஆனால் ஸ்வர வரிசை கிடைத்ததும் ராகம் கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. தோடியின் காந்தாரம் அசைகிற அசைவு எந்தக் கட்டையிலும் இல்லை, அதைக் குருவின் தொண்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தாளக் கணக்குக்கும் இதே வழி. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், சதுஸ்ர நடையில் (அட்சரத்துக்கு நான்கு மாத்திரை) ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. 'தகதகிட' என்பதை மூன்று முறை சொன்னால் 15. 'ததிங்கிணதொம்' மூன்று முறை, நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 17. கூட்டினால் 32. சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) எடுத்துச் சமத்தில் விழுகிற ஒரு குட்டிக் கோர்வை உங்கள் கையில். பாட்டு மாணவர்களும் இதைச் சொல்லிப் பழகவேண்டும். ஸ்வரம் பாடும்போது முடிவு எங்கே விழும் என்கிற பயம் அப்போதுதான் போகும்.

மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் இரண்டாம் வருஷத்துக்குள் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரெக்கார்டிங்கில் வயலின், புல்லாங்குழல் வாசிக்கப் போகிறவர்களுக்கு அது சோறு போடும். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இங்கிலாந்து அமைப்புகளின் கிரேடு தேர்வுகள் தமிழ்நாட்டிலேயே நடக்கின்றன. ஏபிஆர்எஸ்எம் என்றால் ஆறாவது கிரேடு வாத்தியத் தேர்வுக்கு முன்னால் ஐந்தாவது கிரேடு தியரி அல்லது அதற்கு இணையான ஒன்றை முடித்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குப் போவது

இரண்டாம் வருஷம் தொடங்கியதும் கல்லூரிக்கு வெளியே வாசிக்க ஆரம்பிக்க வேண்டும். கோயில் உற்சவம், நவராத்திரி கொலு, ஊர்ச் சபா, திருமண வரவேற்பு எதுவானாலும் சரி. சென்னை மார்கழி சீசனில் பகல் நேரக் கச்சேரிகள் இளைஞர்களுக்கென்றே இருக்கின்றன. பெரும்பாலும் இலவச அனுமதி, கூட்டம் சில சமயம் முப்பது பேர்கூட இருக்காது, ஆனால் அந்த முப்பதில் பத்துப் பேர் பாட்டு தெரிந்தவர்கள். விண்ணப்பம் அதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே போக வேண்டும், இருபது நிமிஷச் சுத்தமான பதிவு ஒன்றும் ஒரு பக்கத்தில் உங்களைப் பற்றிய குறிப்பும் தயாராக வைத்திருங்கள். மேடை தருகிறேன், பணம் கொடு என்று கேட்பவர்களும் உண்டு. என் கருத்தில் அந்தப் பணத்தில் நான்கு நல்ல பதிவுகள் செய்துகொள்ளலாம்.

அகில இந்திய வானொலித் தேர்வை விட்டுவிடாதீர்கள். பி, பி ஹை, ஏ, டாப் என்று கிரேடு தருவார்கள். இன்றைக்கும் சபாச் செயலாளர்களும் கல்லூரிகளும் கலைஞரின் குறிப்பில் அந்த ஒரு வரியைத் தேடுகிறார்கள். ராகப் பட்டியல் ஒன்று கொடுத்துவிட்டு அதிலிருந்து அவர்கள் கேட்பதைப் பாட வேண்டியிருக்கும். எனவே பட்டியலில் பெருமைக்காக எதையும் எழுதாதீர்கள். எழுதிய ஒவ்வொரு ராகத்திலும் ஐந்து நிமிஷ ஆலாபனை உடனே வரவேண்டும்.

மைக்கைப் பற்றிக் கல்லூரியில் அதிகம் சொல்லித்தர மாட்டார்கள், மேடையில் பாதிக் கஷ்டம் அங்கேதான். அரை மணி நேரம் முன்னால் போங்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் பெயர் கேட்டு, மரியாதையாக, உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: "அண்ணே, மானிட்டரில் தம்புராவும் என் குரலும் நல்லா வேணும், மிருதங்கம் கொஞ்சம் போதும்." மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒரு மைக், தொப்பிப் பக்கம் ஒரு மைக் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்குக்கு மிக நெருக்கமாகப் பாடினால் குரலில் அடிப்பகுதி ஊதிக்கொள்ளும், நான்கைந்து விரற்கடை தள்ளி ஒரே தூரத்தில் நிலையாகப் பாடப் பழகுங்கள். கச்சேரி முடிந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வாருங்கள், அடுத்த முறை அவரே உங்களைக் காப்பாற்றுவார்.

ஸ்டூடியோ

மேடையில் நன்றாகப் பாடுகிறவர் ஸ்டூடியோவில் திணறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, காதில் வேகம் காட்டும் கிளிக் சத்தம் ஓடும்போது பாடிப் பழக்கமில்லை. இரண்டு, ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு சுருதி தெரியாமல் போவது. ஒரு காதை விட்டு மாட்டிக்கொண்டு பாடிப் பாருங்கள், பலருக்குச் சரியாகிவிடும். வீட்டில் பழக ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன், கம்ப்யூட்டரில் ரீப்பர் மாதிரி ஏதாவது ஒரு மென்பொருள் போதும். கண்டென்சர் மைக் வாங்கினால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பேன்டம் பவர் இருக்க வேண்டும்.

வெளியூர் இசையமைப்பாளர்கள் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பச் சொல்வது இப்போது சாதாரணம். அனுப்பும்போது வேவ் ஃபைல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அவர்கள் வேறு சொன்னால் அதன்படி. பாட்டு எங்கே தொடங்கினாலும் ஃபைல் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கட்டும், அப்போதுதான் அவர்கள் இழுத்துப் போட்டதும் பொருந்தும். ரிவெர்ப் (எதிரொலிச் சேர்க்கை) எதுவும் போடாமல் அனுப்புங்கள். ஃபைல் பெயரில் பாட்டு, வாத்தியம், வேகம், உங்கள் பெயர். இந்தச் சின்ன ஒழுங்குக்காகவே மறுபடி கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சினிமாவில் தொடர்ந்து வாசிக்க விரும்பினால் சென்னையில் திரையிசைக் கலைஞர்கள் சங்கத்தின் உறுப்பினர் விதிகளை மூன்றாம் வருஷத்திலேயே விசாரித்து வையுங்கள்.

காசும் உரிமையும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நல்ல கலைஞர்கள் வயதான காலத்தில் கஷ்டப்படுவதற்கு இதைத் தெரிந்துகொள்ளாததும் ஒரு காரணம்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. மெட்டமைத்தவருக்கும் எழுதியவருக்கும் அவர்கள் காலம் முடிந்தபின் 60 வருஷம் வரை காப்புரிமை உண்டு. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு படத்துக்காக எழுதிக் கொடுத்த பாடலாக இருந்தாலும், அது தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது வருகிற ராயல்டியில் பங்கு பெறும் உரிமையை மெட்டமைத்தவரும் பாடலாசிரியரும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று ஆக்கினார்கள். அந்த ராயல்டியை வசூலித்துக் கொடுப்பது ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு. சொந்த மெட்டு ஒன்று வெளியானாலே அதில் உறுப்பினராகப் பாருங்கள். பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் தனியாக ஐசாம்ரா என்ற அமைப்பு உண்டு. பதிவின் சொந்தக்காரர், அதாவது லேபிள் என்கிற இசை வெளியீட்டு நிறுவனம், வேறு அமைப்பின் வழியாக வாங்கிக்கொள்ளும்.

கச்சேரிப் பாட்டுகளில் எதைப் பதிவு செய்து வெளியிடலாம் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவருடைய கீர்த்தனைகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாரதியார் பாடல்களும் அப்படித்தான், ஆனால் பாரதியின் வரிக்குப் பின்னால் ஒருவர் போட்ட மெட்டைப் பாடினால் அந்த மெட்டுக்கு உரிமை இருக்கலாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல், ஆகவே அவருடைய பாடல்கள் 2033 முடிகிறவரை காப்புரிமைக்குள் இருக்கின்றன. லால்குடி ஜெயராமன் 2013-இல் மறைந்தார், அவருடைய தில்லானாக்களுக்கு இன்னும் நெடுங்காலம் இருக்கிறது. சினிமாப் பாட்டைக் கவர் பாடுவதென்றால் சட்டத்தில் இதற்கென்று உள்ள வழிப்படி, முதல் பதிவு செய்யப்பட்ட வருஷம் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் என்றால் உரிமையாளரின் அனுமதி தேவை.

சொந்தப் பதிவை வெளியிடும்போது ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் வேண்டும், விநியோகம் செய்கிற நிறுவனமே கொடுத்துவிடும். மெட்டு யாருடையது, வரி யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பதிவு செய்கிற அன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். நண்பர்களாகவே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

சன்மானத்தை முன்கூட்டியே பேசுங்கள். போக்குவரத்து, சாப்பாடு, பக்கவாத்தியத்துக்கு எவ்வளவு என்பதும் அதில் சேரட்டும். பக்கவாத்தியக் கலைஞர்களுக்கு அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், உங்களுக்கு வரவில்லை என்றாலும். பான் அட்டையும் வங்கிக் கணக்கும் முதல் வருஷத்திலேயே எடுங்கள். நிறுவனங்கள் பணம் தரும்போது பொதுவாக 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். வருமானம் வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம், பலர் விட்டுவிடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்வது

தொண்டை கட்டியிருக்கும் நாளில் சாதகம் செய்யாதீர்கள், அன்றைக்கு லட்சணம் படியுங்கள். குரல் கரகரப்பு இரண்டு மூன்று வாரம் போகாமல் இருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். தவில், டிரம்ஸ் வாசிக்கிறவர்களும் பக்கத்தில் உட்காருகிறவர்களும் காதைக் காக்கவேண்டும். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் காது தாங்கும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், மூடிய அறையில் தவில் அதைச் சுலபமாகத் தாண்டும். இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். வயலின், வீணை மாணவர்கள் மணிக்கட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதை வீரம் என்று நினைக்க வேண்டாம். உட்காரும் முறையை ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள்.

மூன்றாம் வருஷத்தில் போடவேண்டிய விண்ணப்பங்கள்

மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் ₹5,000 வீதம் இரண்டு வருஷம் உதவித்தொகை தருகிறது. குருவிடம் தொடர்ந்து கற்க அது பெரிய துணை. விண்ணப்பத்தில் குருவின் கையெழுத்து, இதுவரை கற்ற விவரம் எல்லாம் கேட்பார்கள், ஆகவே கடைசித் தேதிக்கு முன்னால் குருவைப் போய்ப் பாருங்கள். கல்லூரி ஆசிரியராக நினைப்பவர்கள் முதுகலைக்கு அப்புறம் நெட் தேர்வு எழுத வேண்டும், அதில் இசை ஒரு பாடமாக இருக்கிறது. பள்ளிப் பணிக்கு இசை ஆசிரியர் பயிற்சி ஒரு வருஷம் அரசு இசைக் கல்லூரியிலேயே படிக்கலாம். ஓதுவார், நாதஸ்வரம், தவில் பணியிடங்களுக்கு அறநிலையத் துறைக் கோயில்கள் தனித்தனியாக அறிவிப்பு விடும். பெரும்பாலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் துறை இணையதளத்திலும்தான் வரும், செய்தித்தாளை மட்டும் நம்பியிருந்தால் தவறிப்போகும்.

எல்லா விண்ணப்பத்துக்கும் ஒரே கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் நகல்கள், வானொலி கிரேடு கடிதம், வாசித்த கச்சேரிகளின் அழைப்பிதழ்கள், பதிவுகளின் இணைப்பு, கூட வாசித்தவர்களின் பெயரும் போன் நம்பரும். கடைசியில் சொன்ன அந்தப் பட்டியலை மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, கொஞ்ச நாளாகப் பேசாத ஒருவரைக் கூப்பிட்டு, சேர்ந்து ஒரு மணி நேரம் வாசிக்க நேரம் கேளுங்கள்.